வரி கேட்ட வணிகர்கள்

ஸ்காபரோ, ரொறன்ரோ



தை மாதத்துக் கடுங்குளிரில், விடிவதற்கு முன்னரே கென்னடி நிலையத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நம் ஜனங்களைக் காணும்போதெல்லாம் என் மனம் சஞ்சலப்படுகிறது. 1985 முதல் இங்கிருந்து ஓடிக்கொண்டிருந்த சிறு ரயில், 2023 ஜூலை 24ஆம் நாள் தடம் புரண்டு ஐவர் காயமடைந்ததோடு நிரந்தரமாக நின்றுவிட்டது. அதன் ஆயுள் முடிகிறது என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லோரும் அறிந்திருந்தும், அதற்குப் பதிலாக இலகு ரயிலா, சுரங்க ரயிலா என்று ஆட்சிக்கு ஆட்சி திட்டம் மாறிக்கொண்டே வந்தது. இப்போது சுரங்கம் தோண்டுகிறார்கள். அது முடியும்வரை பஸ்தான் கதி.

இந்த அவலத்தின் மூலகாரணத்தை ஆராயப் புகுந்தபோது, ரொறன்ரோ வட்டார வர்த்தக சபை 2013இல் வெளியிட்ட ஓர் அறிக்கை என் கவனத்தைக் கவர்ந்தது. எங்கும் வரியைக் குறைக்கும்படி மனுச் செய்வதே வணிகர்களின் சுபாவம் என்று எண்ணியிருந்த எனக்கு, போக்குவரத்து வசதிகளைப் பெருக்கத் தங்கள் மீதே வரி விதிக்கும்படி அவர்கள் விண்ணப்பித்திருந்தது பேராச்சரியத்தை அளித்தது. விற்பனை வரியில் ஒரு சதவீதம், பெட்ரோல் லீட்டருக்கு 10 சதம், விரைவுச் சாலைத் தனித்தடத்துக்குக் கட்டணம், இவற்றோடு கடைகளும் அலுவலகங்களும் வைத்திருக்கும் ஒவ்வொரு கார்த் தரிப்பிடத்துக்கும் நாளொன்றுக்கு ஒரு டொலர் வசூலிக்கலாம் என்றார்கள். 500 தரிப்பிடங்கள் உடைய அங்காடிக்காரர் இதனால் ஆண்டுக்கு 1,82,500 டொலர் செலுத்த நேரிடும்.

அவர்கள் தியாகசீலர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சரக்கு லொறி நெரிசலில் அசையாது நிற்பதும், வேலையாள் நேரத்துக்கு வர இயலாமற் போவதும் அவர்களுக்கு நஷ்டமே. நெரிசலால் இவ்வட்டாரம் ஆண்டுதோறும் 600 கோடி டொலர் இழக்கிறது என்பது அக்காலத்துக் கணக்கு. ஆயினும் அவர்களது கோரிக்கையின் ஜீவநாடி வேறொன்று: வசூலாகும் பணம் பொதுக் கஜானாவில் கலவாமல், போக்குவரத்துக்கென்றே தனி நிதியாகப் பூட்டி வைக்கப்பட வேண்டும் என்பது. சுரங்கப் பாதை அமைக்கப் பத்தாண்டும் அதற்கு மேலும் செல்கிறது. ஆட்சியின் ஆயுளோ நான்காண்டு. ஆண்டுதோறும் தவறாது வரும் வருமானம் இருந்தால்தான், அதை ஈடாகக் காட்டி நீண்டகாலக் கடன் பெறவும், ஆட்சி மாறினாலும் வேலை நில்லாதிருக்கவும் கூடும்.

ஆனால் 2014இல் மாகாண முதல்வர் கத்லீன் வின், விற்பனை வரியையும் எரிபொருள் வரியையும் உயர்த்தப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். 2022இல் பின்வந்த அரசு பெட்ரோல் வரியை லீட்டருக்கு 5.7 சதம் குறைக்கவே செய்தது. விற்பனை வரி பஸ்ஸுக்கு நிற்கும் ஏழைப் பெண்ணையும் தாக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆகையால் தரிப்பிட வரியிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வணிகர் ஆதரவு மட்டும் போதாது என்பதையும் மறைக்க மாட்டேன். 2015இல் வன்கூவரில் போக்குவரத்துக்கென வணிகர்கள் ஆதரித்த அரை சதவீத விற்பனை வரியை, வாக்களித்தோரில் ஏறக்குறைய 62 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்திலோ, 2008இல் இதே அளவு வரியை மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டோர் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருமானத்தால் அங்கே புதிய பாதைகள் எழுந்துள்ளன.

ஸ்காபரோவில் இன்று புடவைக் கடை முதல் பலசரக்குக் கடை வரை எத்தனையோ நம்மவர் கைகளில் இருக்கின்றன. அவர்களுள் எவரேனும் உங்களுக்கு உறவினராயின், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது ஒன்று கேளுங்கள்: உங்கள் கடைப்பெண் விடியற்காலையில் எத்தனை பஸ் மாறி வேலைக்கு வருகிறாள்? அவளுக்காக, அந்த ஒரு டொலரைத் தர நாங்கள் சித்தமாயிருக்கிறோம் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் நீங்களே சென்று சொல்வீர்களா?