36 கோடி டாலரும் 39 நாளும்

  

2022 நவம்பர் 15. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் நான் பொட்டி தட்டிக்கிட்டிருந்த கம்பெனியில் கொத்தா ஆட்களைத் தூக்கினாங்க. அந்தக் கொத்தில் நானும் ஒருத்தன். எச்1பி விசாக்காரனுக்கு வேலை போனா 60 நாள்தான் கெடு. அதுக்குள்ள இன்னொரு கம்பெனி நமக்காக மனு போடணும், இல்லைன்னா மூட்டை கட்டணும். ஊர்ல அப்பா அம்மாகிட்ட மூச்சு விடலை. "சாப்டியாப்பா?"ன்னு அம்மா கேட்டா "ஆச்சும்மா, மீட்டிங் இருக்கு"ன்னு வச்சிடுவேன். மீட்டிங்காவது மண்ணாவது.

பழைய டீம் ஆளுங்க மட்டும் என்னை விடலை. செவ்வாய்க்கிழமை மதியம் வழக்கமான பீட்ஸா கடைக்குக் கூப்பிடுவாங்க. எல்லாரும் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியோட வெறியர்கள். அதிலே அறுபதைத் தொடுற பெரியவர் ஒருத்தர், சின்ன வயசிலேர்ந்தே ஜயன்ட்ஸ் பக்தர். எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

டிசம்பர் 6 அன்னிக்கு ஒரே பேச்சுதான்: அவுட்ஃபீல்டுக்கு யாரை எடுக்கிறது?

பேஸ்பால் தெரியாதவங்களுக்கு: அவுட்ஃபீல்டுங்கிறது எல்லைச் சுவர் பக்கம் நிக்கிற மூணு பேர். ஓடிப்போய் கேட்ச் பிடிக்கணும், மட்டை பிடிச்சா விளாசணும். ஒரு ஆட்டக்காரன் பெரிய லீக்ல ஆறு சீசன் முடிக்கிற வரைக்கும் கிளப் சொன்ன இடத்தில் ஆடணும். அப்புறம் ஒப்பந்தம் முடிஞ்சா அவன் ஃப்ரீ ஏஜென்ட். ஐபிஎல் மாதிரி பலகை தூக்கி ஏலம் கிடையாது. யார் எவ்வளவு நீட்டினாலும், எங்கே போறதுன்னு முடிவு பண்றது அவன்தான். காலேஜ் முடிச்சதும் 'பாண்ட்' எழுதிக் குடுத்த நம்ம பயலுகளுக்கு இதோட அருமை புரியும் :)

அந்த வருஷத்துப் பெரிய மீன் ஆரன் ஜட்ஜ். யாங்கீஸ்காரர். 62 ஹோம் ரன் அடிச்சு, 1961-ல் ரோஜர் மாரிஸ் வச்ச 61-ங்கிற அமெரிக்கன் லீக் சாதனையை உடைச்சிருந்தார். வளர்ந்தது கலிஃபோர்னியா லிண்டன், எங்க ஊர்லேர்ந்து கார்ல ரெண்டு மணி நேரம். சின்னப் பையனா ஜயன்ட்ஸ் ரசிகர் வேற. கேக்கணுமா!

"30 வயசாச்சு. ஒன்பது வருஷம் குடுத்தா 39. ஆறடி ஏழங்குலம், அந்த முட்டி தாங்குமா?"ன்னான் ஒருத்தன்.

"நம்ம மைதானத்துல வலதுபக்கச் சுவரே 24 அடி. கடல் காத்துல பந்து செத்து விழும். 62 இங்க நடக்காது"ன்னான் இன்னொருத்தன்.

"நிம்மோ? நல்லா ஓடுவான், ஆனா அடிக்கடி அடிபடுவான்." "கான்ஃபோர்ட்டோ? தோள்பட்டை போய் இந்த வருஷம் முழுக்க ஆடவே இல்லை." "ஹானிகர்? மவுண்டன் வியூ பையன். ஆனா உடம்பு..."

மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களே, அப்படி. நானும் சிரிச்சுக்கிட்டே கலந்துக்கிட்டேன். திடீர்னு தொண்டையில் பீட்ஸா இறங்கலை. எங்கேயோ ஒரு மீட்டிங் ரூம்ல என் ரெஸ்யூமை வச்சுக்கிட்டு நாலு பேர் இதே மாதிரிதானே பேசிக்கிட்டிருப்பாங்க? 'நல்ல பையன்தான், ஆனா...' கணக்குப் போட்டுப் பார்த்தேன், இன்னும் 39 நாள்.

அப்பத்தான் ஒருத்தன் போனைப் பார்த்துட்டுக் கத்தினான். ஜட்ஜ் ஜயன்ட்ஸுக்கு வர்ற மாதிரி தெரியுதுன்னு ஜான் ஹேமன்ங்கிற பிரபல நிருபர் ட்வீட் போட்டுட்டார். அவசரத்தில் 'ஆரன்'னு அடிக்காம 'ஆர்சன்'னு அடிச்சிருந்தார், அதாவது தீவைப்பு ஜட்ஜ்! கடையே குதிச்சுது. சில நிமிஷத்தில் ட்வீட்டை எடுத்துட்டார். மறுநாள் செய்தி: 9 வருஷம், 36 கோடி டாலர், யாங்கீஸுக்கே. வடை போச்சே!

அன்னிக்கு வெளியே வரும்போது பெரியவர் கர்ட் ஃப்ளட் கதையைச் சொன்னார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸோட சென்டர் ஃபீல்டர். 1969-ல் அவரைக் கேக்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்தினாங்க. போகமாட்டேன்னு கேஸ் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோத்தார். ஆட்ட வாழ்க்கையும் போச்சு, 1971-ல் 13 ஆட்டம் ஆடினதோட சரி. 1975-ல் வேற ரெண்டு பந்துவீச்சாளர்கள் வழக்கில்தான் கதவு திறந்தது. ஜட்ஜுக்கு 36 கோடி கிடைச்ச அந்தக் கதவை முன்னாடியே முட்டினவருக்கு அதில் ஒரு பைசா கிடைக்கலை.

ஜட்ஜ் அந்த சீசனுக்கு முன்னாடி 21.35 கோடி டாலரை வேண்டாம்னவர். தன் மேல் நம்பிக்கை, சரி. கெடுவே இல்லாதவனுக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் சுலபமா வரும்னும் தோணுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கம்பெனி என்கிட்ட பழைய சம்பளத்தைவிடக் கம்மியா ஒரு தொகை சொன்னாங்க. என் கெடு அவங்களுக்குத் தெரியும். அடுத்த செகண்டே சரின்னுட்டேன்.

அதுக்கப்புறமும் தூக்கம் இல்லை. ஏன்னா அதே வாரம், டிசம்பர் 20, ஜயன்ட்ஸ் 35 கோடிக்குப் பேசி முடிச்ச கார்லோஸ் கொரேயாவோட அறிமுக நிகழ்ச்சியை அன்னிக்குக் காலையில் நிறுத்திட்டாங்க. உடல் பரிசோதனையில் பழைய கால் காயம் உதைச்சுது. மெட்ஸ் 31.5 கோடிக்குப் பேசி அவங்களும் தயங்கினாங்க. கடைசியில் மினசோட்டாவில் 20 கோடி. எனக்கும் பின்னணிச் சோதனை பாக்கி, மனு பாக்கி. ஜனவரி முதல் வாரம் மனு போட்டுட்டோம்னு வக்கீல் மெயில் அனுப்பினப்பத்தான் அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அம்மா எதுவும் கேக்கலை. "ராத்திரி என்ன சாப்ட?"ன்னா. அதுக்குமேல என்னால பேச முடியலை.

ஜயன்ட்ஸ் கடைசியில் எடுத்தது கான்ஃபோர்ட்டோவும் ஹானிகரும். 2023-ல் ஹானிகர் முன்கையில் பந்து பட்டு எலும்பு உடைஞ்சு 61 ஆட்டம்தான் ஆடினார். ஜட்ஜோ 2024, 2025 ரெண்டு வருஷமும் லீகோட எம்.வி.பி. நாங்க கவலைப்பட்ட அந்த முட்டி இன்னும் நல்லாத்தான் இருக்கு.

இதையெல்லாம் இப்ப ஏன் சொல்றேன்னா, போன வாரம் ஆபீசில் புது ஆள் எடுக்கிற மீட்டிங். நானும் அதில் ஒருத்தன். ஒரு ரெஸ்யூமைப் பார்த்துட்டு என் வாயிலேயே வந்துச்சு: "நல்லாத்தான் இருக்கார், ஆனா ஆறு மாசம் கேப் இருக்கே?"

சொன்னதும் சுருக்குன்னுச்சு. "இல்ல, கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம்"னேன். அந்த அண்ணாச்சிக்கு எத்தனை நாள் பாக்கியோ.