ஒற்றையாள் படகு

எங்கள் ஊரில் தண்ணீர் பெண்களின் பாடு. சேந்துவது, சுமப்பது, துவைப்பது, கழுவுவது எல்லாம் அவர்கள்தான். ஆனால் அதே தண்ணீரில் ஒரு பெண் விளையாடக்கூடிய வயது மிகக் குறைவு. நாமக்கல் பக்கம் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு அம்மா நீச்சல் பழகினார். மேலிருந்து குதிப்பதில் மாமாவைவிட அவர்தான் கெட்டிக்காரராம். பதின்மூன்று வயதில் பெரியவளானார். அதன் பிறகு துவைக்கப் போகலாம், குதிக்கக் கூடாது. மாமா மட்டும் கல்யாணம் ஆகும்வரை குதித்துக்கொண்டிருந்தார். டவுனில் வளர்ந்த எனக்கு அந்தச் சில வருடங்கள்கூடக் கிடைக்கவில்லை.

கணவரின் வேலைக்காக அமெரிக்காவின் சியாட்டில் நகரை அடுத்த பெல்வியூவுக்கு வந்தேன். என் விசா எச்-4, அதாவது எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் மனைவி என்பதற்கான விசா. 2015 முதல் எங்களில் சிலருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். எங்களுடையது தாண்டவில்லை. பொறியியல் பட்டத்தோடு வீட்டில் இருந்தேன். எங்கே போனாலும் ஒருவரின் மனைவி என்றே என் பெயர் பதிவானது.

பெல்வியூவில் வாஷிங்டன் ஏரிக்கரையில் எனட்டாய் என்றொரு சின்னப் பூங்கா இருக்கிறது. பக்கத்திலேயே ஐ-90 நெடுஞ்சாலையின் பாலம். கோடையில் அங்கே கயாக் வாடகைக்குக் கிடைக்கும். “ஒருவர் படகா, இருவர் படகா?” என்று கேட்பார்கள். “இருவர்” என்று கணவர் சொல்லிவிடுவார். இருவர் கயாக்கில் பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்வார், முன்னால் இருப்பவர் தாளம் கொடுப்பார். இரண்டு கோடைகளும் நான் முன்னால்தான் உட்கார்ந்தேன். “இடது, இடது” என்று பின்னாலிருந்து குரல் வரும். அவர் நல்லவர்தான், திட்டியதில்லை. ஆனால் படகு எங்கே திரும்பும் என்பது எனக்கு எப்போதும் கடைசியில்தான் தெரிந்தது.

நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க, உள்ளரங்குக் குளத்தில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்புக்குப் போனேன். அங்கே பாதிப்பேர் நம் பக்கத்துப் பெண்கள். உடையைப் பற்றிய கூச்சம் போக மூன்று வாரம் ஆனது, மிதக்க ஐந்து வாரம். மூன்றாவது கோடையில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். கணவர் குழந்தையோடு மணலில் உட்கார்ந்தார்.

கயாக்கில் உட்கார்ந்தால் இடுப்பு கிட்டத்தட்ட நீர்மட்டத்தில் இருக்கும். துடுப்பைக் கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் விட்டுப்போகும். இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி வலிக்க வேண்டும். இடது பக்கம் அழுத்தி வலித்தால் படகு வலப்பக்கம் திரும்பும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, படகுதான் சொன்னது. கரையோரமாகவே போய், நெடுஞ்சாலைத் தூண்களுக்கு அடியில் நுழைந்தால் மெர்சர் ஸ்லூ தொடங்குகிறது. மெதுவாக நகரும் சதுப்பு நீரோடையை அங்கே ஸ்லூ என்கிறார்கள். உள்ளே போகப் போக லாரிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்கிறது. இரு கரையிலும் வெள்ளை அல்லி. நீர்நாய் மாதிரி இருக்கும் பீவர்கள் கடித்துக் கூராக்கிய அடிமரங்கள். அசையாமல் நிற்கும் பெரிய நீல நாரை.

இந்த அமைதியும் தானாக வந்ததில்லை. 1916-ல் கப்பல் கால்வாய்க்காக வாஷிங்டன் ஏரியின் மட்டத்தை ஏறக்குறைய 9 அடி இறக்கினார்கள். அதுவரை ஏரிக்கு அடியில் இருந்த நிலம் வெளியே வந்தது. இன்று சுமார் 320 ஏக்கர் இயற்கைப் பூங்காவாக இருக்கும் இந்தச் சதுப்பின் பெரும்பகுதி அப்படி உண்டானதுதான். அதே ஆண்டு, ஏரியின் தெற்கு வடிகாலாக இருந்த பிளாக் ஆறு வற்றிப்போனது. அதில் சால்மன் பிடித்து வாழ்ந்த துவாமிஷ் மக்கள் ஆற்றை இழந்தார்கள். நான் இளைப்பாறும் இடம் இன்னொருவரின் இழப்போடு சேர்ந்தது என்பதை அந்தத் தண்ணீரில் இருக்கும்போது மறக்க முடிவதில்லை.

என் ஒரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. வாடகைப் பணம் கணவருடையது. குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். நீந்தத் தெரிய வேண்டும், ஈரத்துணியோடு கரையேறக் கூசாத மனசு வேண்டும். “ஆசை இருந்தால் போகலாமே” என்பவர்களுக்கு இந்தப் பட்டியல் தெரிவதில்லை. ஆண்களுக்கு இதில் பாதி கேட்காமலே கிடைத்துவிடுகிறது.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். இருவர் படகு எடுத்தோம். சுடிதாருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டி முன்னால் உட்கார வைத்தேன். பாலத்தைத் தாண்டும்வரை படகின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. அல்லிகளுக்கு நடுவே வந்ததும் கையைத் தண்ணீரில் விட்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “கண்ணு, இங்க ஆழம் எவ்வளவு இருக்கும்? குதிக்கலாமா?”

அங்கே குதிக்க வேண்டாம், அடியில் சேறும் கொடியும் என்றேன். மறுநாள் இருவரும் நீச்சல் குளத்துக்குப் போனோம். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அம்மாவின் கைகால்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.