இருபது வளைவுகளும் ஒரு கோணல் இலையும்

சேலத்தில் பஸ் ஏறி, கோரிமேடு தாண்டினால் அடிவாரம். ஏற்காடு போகிறவர்களுக்கு அது ஓர் ஊராகவே தெரிவதில்லை. சோதனைச் சாவடி, நாலைந்து டீக்கடை, பையைக் குறிவைத்துக் காத்திருக்கும் குரங்குகள். வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கிளம்பிவிடும். நான் இறங்கிக்கொண்டேன். மலையில் ஒரு செடியைப் பார்க்கப் போகிறவன், அது வளராத இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஐப்பசி மழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்ந்திருந்த வாரம் அது. அப்படியும் அடிவாரத்தில் வெயில் சுள்ளென்றுதான் இருந்தது. வேலமும் உசிலும் முள்ளுப்புதருமாக, தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற மரஞ்செடிகள். நான் தேடி வந்த காட்டு பெகோனியாவுக்கு இங்கே வேலையில்லை. அதன் தண்டில் பெரும்பகுதி தண்ணீர்தான்; ஒரு சித்திரை வெயிலில் துவண்டுவிடும். அது கேட்பதெல்லாம் நிழல், கசிவு, இலைமக்கு. இருபது வளைவுகள் ஏறி, ஏற்காடு ஏரி இருக்கும் ஏறத்தாழ 4,500 அடி உயரத்துக்குப் போனால் இந்த மூன்றும் கிடைக்கும். ஏற்காட்டைத் தாங்கும் சேர்வராயன் மலை, வறண்ட சமவெளிக் கடலுக்கு நடுவே நிற்கும் ஈரத் தீவு.

எனக்குத் தெரிந்த காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், சில்வர் ஓக் நிழல் முடிந்து ஓடை தொடங்குகிற இடத்தில், பாறைச் சரிவில் அது நின்றது. பெகோனியா மலபாரிக்கா. முழங்கால் உயரத்துக்கு மேல், செம்மை ஓடிய தண்டு, கணுக்களில் சற்றே புடைப்பு. பழம் பறிக்கும் கூடையோடு அந்தப் பக்கம் வந்த பாட்டி, நான் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன கண்ணு, காசு விழுந்துருச்சா?”

“இல்லீங்க பாட்டி, இந்தச் செடியைப் பாக்கறேன்.”

“அதுல என்ன இருக்குது பாக்க? தண்டைக் கடிச்சுப் பாரு, புளிக்கும்.”

புளிக்கத்தான் செய்தது. வயல் வரப்பில் படரும் புளியாரைக்குப் புளிப்பு தரும் அதே ஆக்ஸாலிக் அமிலம்தான் இதற்கும். பாட்டி சொன்னது ஒரு தாவரவியல் குறிப்பு. நூல்களிலும் இந்தப் பேரினத்தைப் பற்றி அப்படியே எழுதியிருக்கும்.

ஆனால் எந்த பெகோனியா என்று சொல்ல நாக்கு போதாது. முதலில் தண்டைப் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவில் வளரும் காட்டு பெகோனியாக்களைத் தண்டை வைத்தே பாதி பிரித்துவிடலாம். பெகோனியா கிரெனாட்டா போன்றவை தரைக்கடியில் கிழங்கை வைத்துக்கொண்டு மழைக்கு மட்டும் தலைகாட்டும். ஃப்ளாக்சிஃபெரா, ஆல்போகாக்சினியா இரண்டும் பாறையோடு படரும் மட்டத்தண்டிலிருந்து நேராக இலையை நீட்டும். மலபாரிக்காவோ நிமிர்ந்து நின்று, கணுவுக்குக் கணு இலை விட்டு, மழை போன பிறகும் நிற்கும்.

அடுத்தது இலை. இந்தக் குடும்பத்தின் கையெழுத்தே அந்தக் கோணல்தான். நடு நரம்புக்கு ஒருபுறம் அகலம், மறுபுறம் குறுக்கம். அடியில் ஒரு மடல் பெரிது, ஒரு மடல் சிறிது. நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாக முடியும். ஒரே தண்டில் அடுத்தடுத்த இலைகளைப் பிடித்துப் பார்த்தால், இதில் இடப்பக்கம் பெரிதென்றால் அதில் வலப்பக்கம் பெரிது. கோணலிலும் ஓர் ஒழுங்கு. லின்னேயஸ் 1753-இல் தம் நூலில் இந்தப் பேரினத்துக்குக் கொடுத்த ஒரே சிற்றினத்துக்கு ‘ஆப்லிகுவா’, கோணலானது, என்றே பெயர். இன்று அந்த ஒன்று 2,000-க்கு மேல் ஆகிவிட்டது. பூக்கும் தாவரங்களின் மிகப் பெரிய பேரினங்களில் பெகோனியாவும் ஒன்று.

பூவுக்கு வந்தால் விஷயம் சூடுபிடிக்கிறது. ஒரே செடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் வெளிர் இளஞ்சிவப்பு. ஆண் பூவின் நடுவே மஞ்சள் மகரந்தத்தாள்கள் கொத்தாக நிற்கும். பெண் பூவின் நடுவிலும் மஞ்சளாக ஏதோ முறுக்கிக்கொண்டு நிற்கும், அது சூல்முடி. பல பெகோனியாக்களின் பெண் பூவில் தேனும் இல்லை, மகரந்தமும் இல்லை. ஆண் பூ என்று நம்பி வருகிற தேனீ, வந்ததற்கு மகரந்தத்தைத் தேய்த்துவிட்டு வெறுங்கையோடு போகும். ஏமாற்று வேலைதான். ஆனாலும் பல லட்சம் ஆண்டுகளாக அது நடக்கிறது.

இரண்டையும் பிரித்தறியப் பூவின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை; பின்புறம் பார்க்க வேண்டும். பெண் பூவின் இதழ்களுக்குக் கீழே மூன்று சிறகுள்ள சூற்பை தொங்கும். பூசணியின் பெண் பூவுக்கு அடியில் பிஞ்சு இருக்குமே, அதே அமைப்பு. தற்செயல் இல்லை. இன்றைய வகைப்பாட்டில் பெகோனியா குடும்பமும் பூசணிக் குடும்பமும் குக்கர்பிட்டேல்ஸ் என்ற ஒரே வரிசையில் இருக்கின்றன. பெகோனியா குடும்பத்தில் பெகோனியாவைத் தவிர இன்னும் ஒரே ஒரு பேரினம்தான் உண்டு: ஹவாய்த் தீவுகளில் மட்டும் வளரும் ஹில்லேப்ராண்டியா.

சூற்பையை பிளேடால் குறுக்கே வெட்டிக் கைலென்ஸில் பார்த்தால் மூன்று அறைகள். ஒவ்வோர் அறையிலும் சூல்கள் ஒட்டியிருக்கும் திசு ஒற்றையாக இருக்கிறதா, இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் இந்தப் பெரிய கூட்டத்தை உட்பிரிவுகளாக வகுத்தார்கள். இந்த வித்தியாசங்களில் மயங்கித்தான் ஜெர்மானியர் கிளாட்ஸ்ஷ் 1855-இல் பெகோனியாவை 41 பேரினங்களாக உடைத்தார். ஒன்பது ஆண்டு கழித்து அல்ஃபோன்ஸ் த காந்தோல் அவற்றில் பெரும்பாலானவற்றை மறுபடி ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஒரு கோணல் இலையைப் பார்த்ததும் எவராலும் ‘பெகோனியா’ என்று சொல்ல முடிகிறதென்றால், அந்த வசதியைக் கெடுக்கக் கூடாது.

நம் செடிக்குப் பெயர் வைத்தவர் மலை ஏறியவரல்லர். 1785-இல் பாரிஸில் லமார்க் வைத்த பெயர் அது. பரிணாமம் பற்றிப் பேசிப் பின்னாளில் புகழ்பெற்ற அதே லமார்க். அவருக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் முதலியோர் சொல்லச் சொல்ல உருவாக்கிய ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலின் 9-ஆம் தொகுதியில் இந்தச் செடி மலையாளப் பெயரோடும் படத்தோடும் இடம்பெற்றிருந்தது. செடியை அறிந்தவர்கள் இங்கே. லத்தீன் பெயர் அங்கே. நம் காட்டுச் செடிகள் பலவற்றின் கதை இதுதான்.

ஏற்காட்டுக்கு உரிய கணக்கைப் பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் 1932-இல் வெளியிட்ட தென்னிந்திய மலைவாசத்தலங்களின் தாவர நூலில் ஊட்டி, கொடைக்கானலோடு ஏற்காடும் சேர்ந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினெட் ஹெர்பேரியத்தை (உலர்தாவரக் காப்பகத்தை) நிறுவிய ஏசுசபைக் குரு கே. எம். மாத்யூ, 1980-களில் முடித்த தமிழ்நாட்டுக் கர்நாடிகப் பகுதித் தாவர நூலுக்காக இந்த மலைகளைச் சல்லடை போட்டுத் தேடியவர். வெர்னோனியா சேவராயென்சிஸ் என்று இந்த மலையின் பெயரையே தாங்கிய சிறு மரமும் இங்கே உண்டு. அது வேறெங்கும் இல்லை. மலபாரிக்கா அப்படியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகவும் இலங்கையிலும் வளர்கிறது. எனக்கு வியப்பெல்லாம், அந்த ஈரக்காட்டுச் செடி சமவெளி வெயிலைத் தாண்டி இங்கேயும் இருக்கிறது என்பதில்தான். அதன் விதை தூள் போன்றது. காற்றும் காலமும் என்ன செய்யும் என்று யார் கண்டார்கள்.

மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் பார்ப்பது வேறு பெகோனியாக்கள்: தென் அமெரிக்க வழித்தோன்றல்களான மெழுகு பெகோனியா, அசாமிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போய்க் கலப்பினமாகத் திரும்பிய ரெக்ஸ். தொட்டியில் அவை அழகுதான். குறை சொல்லவில்லை. ஆனால் கோடையில் மட்டும் மலை ஏறுகிறவர்கள், மலைக்குச் சொந்தமான பெகோனியாவை அதன் நல்ல பருவத்தில் பார்க்கவே போவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். செல்போன் போதும். பூவை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ‘இது என்ன?’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. தண்டின் அடி, இலையின் மேல்புறமும் கீழ்ப்புறமும், ஆண் பூ, பெண் பூவின் பின்புறம், சிறகுக் காய் என எல்லாவற்றையும் எடுங்கள். கொத்தில் பெரும்பாலும் ஆண் பூதான் முதலில் மலரும். பெண் பூ இல்லையென்றால் பக்கத்துச் செடியில் தேடுங்கள். சந்தேகத்தைத் தீர்க்க, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியமும், திருச்சியில் ராபினெட்டும் இருக்கின்றன. செடியை மட்டும் பிடுங்காதீர்கள். அடிவாரம் இறங்குவதற்குள் வாடிவிடும்.