பட்டின் ஓசை

குரோசாவாவின் ‘ரான்’ (1985) படத்தை மூன்றாம் முறை பார்த்தபோது கதையை விட்டுவிட்டுத் துணிகளை மட்டும் கவனித்தேன். தாரோவுக்கு மஞ்சள், ஜிரோவுக்குச் சிவப்பு, சபுரோவுக்கு நீலம். படைகளின் கொடிகளும் அப்படியே. ஹிதெதோரா நாட்டைப் பங்கு வைக்கு முன்பே நிறங்கள் அதைப் பங்கு போட்டுவிடுகின்றன. பித்தேறி, எரியும் கோட்டையிலிருந்து அவன் இறங்கி வருகிறான். முகம் நோ நாடக முகமூடி. மேலே வெளிறிய அங்கி. மஞ்சளும் சிவப்பும் விலகி வழிவிடுகின்றன. எந்த நிறமும் இனி அவனுடையதல்ல.

உடைகள் கியோத்தோவில் பிறந்த எமி வாடாவினுடையவை. சுமார் 1,400 உடைகள், எல்லாம் கைவேலை, முடிய இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று. 1986இல் ஆஸ்கார் கிடைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தன் குடும்பத்தை அழித்தவனுக்கே மருமகளான காயெதே நடக்கும்போது பட்டு தரையில் உரசும் ஓசை கேட்கிறது. அவள் வாய் திறக்குமுன் பழி பேசிவிடுகிறது.

பெரும்பாலான சரித்திரப் படங்களில் உடை காலத்தைத் தெரிவிப்பதோடு சரி. இங்கே அதற்கு எடை இருக்கிறது. உடுத்தியவரை அது நடத்துகிறது. கவிதையில் மரபு வேண்டுமா, வேண்டாமா என்று ஓயாமல் சண்டையிடுகிறோம். உடுத்திக்கொண்ட மரபு நம் நடையை மாற்றியதா என்று யாரும் கேட்பதில்லை.