ஆதன் கலமும் அப்பத்தாவின் குடமும்

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், எம் ஊராகிய உசிலம்பட்டியில், யாம் ஒரு சுவரொட்டி வரையத் துணிந்தோம். கீழடி அருங்காட்சியகத்திற்கு எம்மவரை அழைப்பதே அதன் நோக்கம். மதுரைக்கு மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் எம் ஊர். தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் கீழடி. பூ விற்கவும் பொருள் வாங்கவும் மதுரைக்குச் செல்வார் எம் தெருவிற் பலர். எனினும், 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் றிறக்கப்பெற்ற அவ்வருங்காட்சியகத்தைக் கண்டார் எம்மையன்றி ஒருவருமிலர்.

ஓவியம் யாம் முறையே பயின்றதில்லை. வெள்ளை அட்டையில் பென்சிலாற் கட்டமிட்டு, சூதுபவள மணி, தந்தச் சீப்பு, பகடைக்காய், சுடுமண் பொம்மை, உறைகிணறு, பொன்னணி என அறிந்தன யாவும் நிரப்பினோம். தேர்வில் வினாவை நோக்காது விடை எழுதும் மாணவரைப் போன்றேம். மேலே, 'உலகின் மூத்த குடியைக் காண வாரீர்' என்று கொட்டை யெழுத்து. ஒரு மூலையில் மட்டும், இடம் எஞ்சியமையால், 'ஆதன்' என்று பழந்தமிழ் எழுத்திற் கீறிய பானையோடு ஒன்று.

எம் அப்பத்தா அதனை நெடுநேரம் நோக்கி, "இது எந்தக் கடை விளம்பரம்ப்பா?" என்றார்.

யாம் நாணினோம். பிறகு அவர் விரல் அம்மூலைக்குச் சென்றது. "சட்டியிலே கீறியிருக்கே, அது என்ன?" ஆதன் என்பானொருவன் பெயரென்றோம். "அப்போ பேரு வெட்டுன பாத்திரம்னு சொல்லு" என்றவர், உட்சென்று தம் பித்தளைக் குடத்தை எடுத்து வந்தார்.

இரவல் சென்ற பாத்திரம் பிறர் வீட்டிலே தங்கிவிடாமைப் பொருட்டு, அவருடைய திருமணத்தின்போது தந்தையார் வெட்டுவித்த பெயர் அது. புள்ளி புள்ளியாய் அமைந்த மூன்றெழுத்து. அப்பத்தா பள்ளி வாயிலை மிதித்தவரல்லர். ஆடு மேய்த்தும் பருத்திக்காட்டிற் களையெடுத்தும் வளர்ந்தவர். தண்ணீர் சுமக்கும் நாளெல்லாம் அப்புள்ளிகளை விரலாற் றடவித் தடவியே தம் பெயரைக் கற்றனராம். இன்றும் வங்கியில் அவர் இடும் கையொப்பம் அக்குடத்திற் கற்றதே. பத்தொன்பதாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தும் இதனை யாம் வினவி யறிந்திலேம்.

2019-இல் வெளிவந்த கீழடி அறிக்கை, நான்காங் கட்ட அகழாய்விற் றமிழி எழுத்துடைய ஓடுகள் 56 கிடைத்தமையைக் கூறுகின்றது. எழுத்தின் கை ஒன்றுபோல் ஒன்றில்லை. ஆதலின், குயவரேயன்றிக் கலம் உடையாரும் எழுதியிருத்தல் கூடுமென ஆய்வாளர் கருதுவர். இதனை வகுப்பிற் கேட்டு, தேர்விலும் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம்!

முதற்றாளை மடித்து வைத்தோம். இரண்டாந் தாளிற் கலம் இரண்டே. கறுப்பு-சிவப்புக் கலத்தைச் சூளையிற் கவிழ்த்து வைத்துச் சுடுவர்; அதனால் உட்புறமும் வாயும் கறுக்க, புறம் சிவக்கும். அவ்விரு நிறமும் சந்திக்கும் விளிம்பைத் தீட்டுதற்கே ஒரு பகல் கழிந்தது. கழுத்து முதலிற் கோணிற்று. பித்தளையின் பளபளப்போ இறுதிவரை வாய்க்கவில்லை.

படத்தைக் கைப்பேசியிற் கண்ட எம் ஆசிரியர், 'னகரத்தின் மேற் புள்ளி எங்கிருந்து வந்தது?' என ஒரு வரி விடுத்தார். அத்துணைப் பழைய பொறிப்புக்களிற் பெரும்பாலும் புள்ளி இராது. நினைவைக்கொண்டு வரைந்த தமிழ் மாணவராகிய எமக்கு அது தோன்றாமற் போயிற்று. எனவே மூன்றாந் தாள்.

அப்பத்தாவின் பெயரையும் அவ்வாறே எழுத விழைந்தோம். "என் பேரைத் தெருவிலே ஒட்டாதே" என்று மறுத்துவிட்டார். ஆதலின் குடத்திற் பெயரிடத்தை வெறுமையாக விட்டு, 'இக்கலம் ஆதனுடையது. உங்கள் வீட்டுக் குடத்தில் யார் பெயர்?' என்று மட்டும் எழுதி, கீழடிக்குச் செல்லும் வழியைக் குறித்தோம். பேருந்து நிலையத்தருகே தேநீர்க்கடையார் ஒருவர் தம் சுவரில் இடந்தந்தார். நின்று படித்தார் சிலர். அதன்மேற் சாய்ந்து தேநீர் பருகினார் பலர்.

பொங்கல் கழிந்து அப்பத்தாவை அழைத்துச் சென்றோம். பொன்னணியை அவர் நோக்கவேயில்லை. பெயர் பொறித்த ஓடுகளின் முன்னே நின்று, கண்ணாடியின்மேல் விரலை ஓட்டியபடி, "இவன் தானே எழுதினானா, யாரும் எழுதிக் குடுத்தாங்களா?" என வினவினார். யாம் விடை கூறாது நின்றோம். அவர் அடுத்த ஓட்டிற்குச் சென்றார்.