தேய்ந்தது எது?

வீட்டுச் சமையலறையில் அரைக்கும் யந்திரமொன்று பழுதடைந்தமை பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின், எவற்றை எழுதத் தகுந்தனவென்று கொள்கிறோம், எவற்றை ஒதுக்கிவிடுகிறோம் என்பதிலேயே நமது கல்வியின் குறைபாடு வெளிப்படுகின்றது என்பதைச் சென்ற சில வாரங்களில் நான் உணர நேர்ந்தது. அவ்வுணர்வே இதனை எழுதத் தூண்டியது.

ஒரு சனிக்கிழமை காலை, அம்மா தேங்காயும் செத்தல் மிளகாயும் இட்டுக் கிறைண்டரின் ஆளியைத் திருப்பினார். மோட்டர் பெரிதாக இரைந்தது. பாத்திரத்தினுள் அலகு அசையவில்லை. சிறிது நேரத்தில் றப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. அதனை நாங்கள் வாங்கிய கடைக்கே எடுத்துச் சென்றேன். அங்கிருந்தவர் யந்திரத்தைத் திறந்தும் பார்த்தாரல்லர். “இதுக்குச் சாமான் வராது. திருத்துற காசுக்குப் புதுசு எடுக்கலாம்” என்றார். புதியதன் விலை 22,000 ரூபா. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், ஓர் ஆசிரியனின் மாதச் சம்பளத்தில் இத்தொகை எத்துணைப் பங்கு என்பதை இச்சஞ்சிகையின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

அம்மா யாதும் கூறவில்லை. கோடிப்புறத்தில் கிடந்த அம்மியைக் கழுவி அரைக்கத் தொடங்கினார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலை விழா மலரில் “மறைந்துவரும் மரபுகள்” என்னும் பொருள்பற்றி நான் எழுதிய கட்டுரையில், அம்மியில் அரைத்த சம்பலின் சுவையையும், யந்திரத்தின் வருகையால் நாம் இழந்த பண்பாட்டையும் உருக்கமாகப் பாடியிருந்தேன். சங்கப் பாடல்களில் வரும் உரலும் உலக்கையும் அங்கு எனக்குத் துணைநின்றன. அக்கட்டுரையைப் பலர் பாராட்டினர். அம்மியின் முன் குந்தியிருந்து குழவியை இழுப்பவர் யார், அவருக்கு வயது என்ன என்னும் வினா எனக்கும் எழவில்லை, பாராட்டியவர்க்கும் எழவில்லை.

நான்காம் நாள் இரவு வீட்டில் நோவெண்ணெய் மணத்தது. காரணம் கேட்டேன்.

“ஒண்டுமில்லைத் தம்பி. தோள்மூட்டுக் கொஞ்சம் உளையுது” என்றார் அம்மா. அவருக்கு அறுபத்தாறு வயது. சம்பல் சுவையாகத்தான் இருந்தது. அதனை நான் மூன்று நாள்கள் சுவைத்து உண்டிருக்கிறேன்.

மறுநாள் பாடசாலை விட்டதும் யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்புறமுள்ள ஒழுங்கைக்குச் சென்றேன். அங்கு மின்விசிறியும் வானொலியும் திருத்தும் சிறு கடையொன்று உண்டு. உள்ளே இருந்த இளைஞன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “வாங்கோ சேர்” என்றான். அவனை அடையாளங்காணச் சிறிது நேரம் சென்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிற் கடைசி வாங்கிலிருந்தவன். புணர்ச்சி விதிகளைக் கேட்டால் நிலத்தைப் பார்ப்பான். அவனது தேர்ச்சி அறிக்கையில், “கற்றலில் நாட்டமில்லை” என்று எழுதியவன் நானே.

அவன் பாத்திரத்தை எடுத்துவிட்டு, மோட்டரின் தலையிலிருந்த சில்லைச் சுட்டிக்காட்டினான். “மோட்டருக்கு ஒண்டுமில்லை சேர். கப்ளிங்தான் தேஞ்சு போச்சு.”

மோட்டரின் சுழற்சியைப் பாத்திரத்தின் அலகுக்குக் கடத்துவது இப்பல்லுச் சில்லே. மோட்டரின் தண்டில் ஒன்று, பாத்திரத்தின் அடியில் ஒன்றாக இரண்டு சில்லுகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். நிமிடத்துக்கு 18,000 சுற்றுவரை சுழலக்கூடிய மோட்டரில், அலகு கடினமான பொருளிற் சிக்கி நின்றுவிட்டால் யாதாயினும் ஒன்று முறிந்தே தீரும். விலையுயர்ந்த மோட்டரும் தண்டும் சிதையாதிருக்கும்பொருட்டு, மலிவான இச்சில்லு றப்பரால் அல்லது பிளாஸ்டிக்கால் மெதுமையாகச் செய்யப்படுகிறது. அதாவது, இது தேய்வதற்கென்றே ஆக்கப்பட்ட உறுப்பு. இஃது ஏமாற்றன்று, நல்ல பொறியியல் அறிவு.

அவன் மின்தொடுப்பு இல்லையென்பதை உறுதிசெய்துகொண்டு, யந்திரத்தைக் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்து, தண்டின் கீழ்நுனி அசையாதபடி பிடித்துக்கொண்டான். “சேர், நீங்களே கழட்டிப் பாருங்கோவன்.” நான் எல்லாத் திருகாணிகளையும் கழற்றுவதுபோல் இடப்புறமாகத் திருப்பினேன். அது மேலும் இறுகியது.

“மற்றப் பக்கம் சேர். ஏனெண்டு யோசிச்சுப் பாருங்கோ.”

நான் யோசித்தேன், விளங்கவில்லை. அவன் பொறுமையாக விளக்கினான். மோட்டர் ஒரு திசையிற் சுழலும்போது, அரைபடும் பொருளின் எதிர்ப்பு, சில்லை மறுதிசையில் இழுக்கும். அவ்விழுவையினாற் சில்லு கழன்றுவிடாமல் மேலும் இறுகும்படியே புரி வெட்டப்பட்டிருக்கும். ஆகவே, தண்டைப் பிடித்துக்கொண்டு, மோட்டர் சுழலும் திசையிலேயே சில்லைத் திருப்பினால் அது கழலும். எங்கள் யந்திரத்தில் அது வலப்புறம். விதியைக் கூறி, அதற்குக் காரணத்தையும் கூறி, என் கையாலேயே அதனைச் செய்வித்தான். என் வகுப்பில் நான் விதியை மாத்திரமே கூறியிருந்தேன்.

பாத்திரத்தின் அடிச்சில்லையும் அவன் மாற்றினான். “ரெண்டையும் ஒருமிக்க மாத்தோணும் சேர். இல்லாட்டிப் பழசு புதுசைத் தின்னும்.” இரண்டும் சேர்ந்து 700 ரூபா. கூலி வேண்டாமென்றான், வற்புறுத்திக் கொடுத்தேன்.

700 ரூபாவிலே தீர்ந்த ஒன்றை 22,000 ரூபாவாக்கியது எது? கடையிலிருந்தவரைக் குறைகூறிப் பயனில்லை. அவரும் விற்பனைத் தொகைக்கேற்பப் பிழைப்பவர். தேயும் உறுப்பை ஆக்குவது அறிவு; அவ்வுறுப்பைத் தனியாக விற்க மறுப்பது வாணிபம். இவ்வாணிபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1924இல் ஜெனீவாவிற் கூடிய மின்குமிழ் உற்பத்தியாளர் தம்முள் ஒரு கூட்டை அமைத்து, குமிழொன்றின் ஆயுளை 1,000 மணித்தியாலமாகக் குறைத்தனர். அதனினும் நீடித்தெரியும் குமிழ்களைச் செய்தவருக்குத் தண்டமும் விதித்தனர். உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1932இல், பேர்னாட் லண்டன் என்னும் அமெரிக்கர், பொருள்களுக்கு அரசே ஆயுளை விதித்து, அக்காலம் முடிந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டுமென்று துண்டுப்பிரசுரம் எழுதினார். விளைவு யாது? 2022இல் மாத்திரம் உலகிற் குவிந்த மின், இலத்திரனியற் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். முறையாகச் சேகரித்து மீள்பயனாக்கப்பட்டதாகப் பதிவானது அதில் நாலிலொன்றுக்கும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்துவதற்கான உரிமையைச் சட்டமாக்கியது. அச்சட்டம் எங்கள் ஒழுங்கைவரை வந்துசேரவில்லை.

இவ்விடத்திலே, “எங்கள் மக்கள் எதையும் திருத்துவார்கள்” என்று பெருமை பேசுவோரும் உளர். 1990களில் மின்சாரமும் பெற்றோலுமின்றி யாழ்ப்பாணம் வாழ்ந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும் உண்மையே. ஆயின் அவை தடையும் போரும் நம்மீது சுமத்தியவை. 1945இல் இலவசக் கல்வியைப் பெற்ற நாட்டிலே, கைத்திறனைப் போர் கற்பித்ததேயன்றிப் பாடசாலை கற்பிக்கவில்லை என்பதே நாம் நாணவேண்டிய செய்தி. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் தொழில்முன்னிலைப் பாடங்கள், குறைகள் பல இருந்தபோதிலும், கையையும் மூளையையும் இணைக்க முயன்றன. 1977இன் ஆட்சிமாற்றத்தோடு அவை அகற்றப்பட்டன. அப்பாடங்களைத் தம் பிள்ளைகளுக்குத் தகாதவையென்று எதிர்த்தவருள் படித்த நடுத்தர வர்க்கத்தினர் பலர் இருந்தனர். 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத்துறை தொடங்கப்பட்டபின்னும், மருத்துவமும் பொறியியலும் கிட்டாதவர் செல்லுமிடமாகவே பெற்றோரும் ஆசிரியரும் அதனைக் கருதிவருகிறோம். பொதுவுடைமை பற்றி மேடையிற் பேசும் நானும் அவ்வாசிரியருள் ஒருவன்.

வீட்டுக்கு வந்து ஆளியைத் திருப்பியபோது யந்திரம் சீராகச் சுழன்றது. அம்மா மகிழ்ந்தார், உடனேயே, “எப்பிடிக் கழட்டினதெண்டு எனக்கும் ஒருக்காக் காட்டு. நீ வரும்வரைக்கும் நான் ஏன் பாத்துக்கொண்டிருப்பான்?” என்றார். காட்டினேன். புரியின் காரணத்தை அவர் என்னிலும் விரைவாக விளங்கிக்கொண்டார். யந்திரம் திருந்தியபின்னும் அதன் முன் நிற்பவர் அவரே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது காலைச் சம்பலை நான் அரைக்கிறேன். இதிற் பெருமைகொள்ள ஏதுமில்லை. முப்பத்தைந்து வயதுவரை அரைக்காதிருந்தமைக்கு விளக்கம்தான் வேண்டும்.

தேய்ந்த சில்லு என் மேசைமேல் இருக்கிறது. அதன் பற்கள் மழுங்கி வட்டமாகிவிட்டன. அது தன் வேலையைச் செய்து தேய்ந்தது. “கற்றலில் நாட்டமில்லை” என்று நான் எழுதிய வரி எங்கோ ஓர் அலுமாரியிற் கிடக்கும். அதனை மாற்ற எனக்கு வழியில்லை. இத்தவணை முடிவில் நாற்பத்திரண்டு அறிக்கைகள் எழுதவிருக்கிறேன். ஒவ்வொன்றையும் எழுதுமுன், அப்பிள்ளைக்கு எதில் நாட்டமுண்டு என்று கேட்டறிந்துவிட்டே எழுதுவதெனத் தீர்மானித்திருக்கிறேன்.