சூரைச்செடியின் கீழ்



என் ஊழியத்தின் தொடக்க நாட்களில், ஒரே வாரத்தில் மூன்று அடக்க ஆராதனைகளை நடத்தினேன். அந்த வார இறுதியில், இரவு வேளையில் ஜெபிக்கும்படி கேட்டு வந்த ஒரு தாயாரைக் கடிந்து அனுப்பிவிட்டேன். அவர் கண்ணீரோடு திரும்பிச் சென்றார்.

மறுநாள் காலை 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசித்தேன். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவைத் தேவன் உறங்கவிட்டார். தூதனைக்கொண்டு இருமுறை போஜனம் அளித்தார். அதன் பின்னரே ஓரேபில் பேசி, புதிய பணியைத் தந்தார். நானோ என் களைப்பை ஒருவரிடமும் சொல்லாமல், அதை அத்தாயார்மேல் சுமத்தியிருந்தேன். அன்றே அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

அலுவலகத்தில் நெருக்கப்படுகிறவர்களே, வேளைக்கு உண்ணுங்கள், உறங்குங்கள். சினம் எழுகையில், மறுமொழி கூறுமுன் சற்றே அமர்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.